கைப்பிடியின் சூடு

இன்று காலை ஊருக்கு வர ஒரு பை தேவைப்பட்டது. என்னிடம் இருந்தது ஜிம்முக்குக் கொண்டுபோன நீலப் பை மட்டும்தான். அதைக் கட்டிலில் கவிழ்த்தபோது வேர்வை துடைக்கும் துவாய் விழுந்தது. கூடவே அந்த வாசமும் வந்தது. வேர்வையும் கறுப்பு ரப்பரும் இரும்பும் கலந்த வாசம். நடக்கும் மெஷினின் கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பவர்களின் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு, சோப்புப் போட்டாலும் போகாமல் நிற்குமே, அது. வேலை முடிந்து ஊருக்குப் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் நீ உட்காரும்போதெல்லாம் உன் கையிலிருந்து வந்ததும் அதுதான்.

துவாயை முகத்தருகே கொண்டுபோகவில்லை. மடித்து ஜன்னலோரம் வைத்துவிட்டு, பையில் இரண்டு உடுப்பை அடுக்கிக்கொண்டு புறப்பட்டேன். இப்போது தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் இருந்து எழுதுகிறேன். அம்மா அடுப்படியில் இருக்கிறாள். நீ போன பிறகு இது இரண்டாவது மழைக்காலம். இவ்வளவு நாளும் உனக்கு எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. போன கிழமை நடந்ததை உன்னைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நீ செய்துவிட்டு வந்த அதே பரிசோதனைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். நெஞ்சில் வயர்களை ஒட்டி, மெஷினில் ஏற்றி, நடக்க நடக்க மேடாக்கிக்கொண்டே போவார்களே, அதே பரிசோதனை. அந்த அழைப்பு வந்த நேரம் பூனாகலையிலிருந்து ஒரு வரனும் வந்திருந்தது. அவர் ஆசிரியர். பண்டாரவளை பஸ் நிலையத்தில் ஒரு தடவை பேசினோம். பேசினோம் என்றால் அவர் பேசினார், நான் என் குடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. நீ இருந்திருந்தால் இதற்கு என்னை என்ன பாடுபடுத்தியிருப்பாய் என்று தெரியும்.

அவருடைய அக்கா அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: "புள்ளைக்கு நெஞ்சுல ஏதோ வருத்தம்னு கேள்விப்பட்டோங்க. டாக்டர் ரிப்போட் ஒண்ணு இருந்தா எங்களுக்கும் மனசு லேசா இருக்கும்." உன்னைப் பெண் கேட்டு வந்த லுணுகலைக்காரர்கள் உன் அம்மாவிடம் கேட்டதும் கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில்தான். அதே அக்கறையான குரல்.

நம் இரண்டு பேருக்கும் ஒரே மழைக்காலத்தில்தான் அந்தக் காய்ச்சல் வந்தது. ஒரே லயம், நடுவில் ஒரு சுவர். முதலில் தொண்டை வலி, பிறகு முட்டி வீங்கியது, பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தார்கள். காய்ச்சல் மூட்டிலிருந்து இறங்கி நெஞ்சுக்குப் போயிருந்தது பிறகுதான் தெரிந்தது. நெஞ்சுக்குள் ஒரு கதவு இருக்கிறது, அது இறுகிப்போய் முழுதாகத் திறக்க மாட்டேன் என்கிறது என்று கிளினிக்கில் இருந்த நர்ஸ் மிஸ்ஸி நமக்கு விளங்கப்படுத்தினார். "எனக்குக் கதவு, இவளுக்கு ஜன்னல்" என்று நீ சொன்னாய். அந்த மிஸ்ஸி சிரித்துவிட்டார். உன் கதவு அப்போதே என்னுடையதைவிட மோசமாக இருந்தது.

மாத ஊசிக்குப் பதுளைக்குப் போய் வரும்போது இரண்டு பேரும் நொண்டுவோம். "நீ வலப்பக்கம் போட்டுக்க, நான் எடப்பக்கம் போட்டுக்கிறேன். ஒட்டி நடந்தா ஒரு முழு ஆளு வரும்" என்பாய். அப்படியே ஒட்டிக்கொண்டு நடந்தும் இருக்கிறோம், ஸ்பிரிங்வெளி வளைவுகளில்.

நான் பல்கலைக்கழகம் போனேன். நீ ஆடைத் தொழிற்சாலைக்குப் போய், மூச்சு முட்டுகிறது என்று திரும்பி வந்து, பதுளை டவுனில் தரை ஓடு விற்கும் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஜிம்மில், பெண்கள் நேரத்துக்கு வேலைக்குச் சேர்ந்தாய். துவாய் கொடுப்பது, மெஷின் துடைப்பது, புதிதாக வருபவர்களுக்குப் பொத்தான் காட்டுவது. உனக்கு நெஞ்சு வருத்தம் என்பதை முதலாளியிடம் சொல்லவில்லை. நான் பிரதேச செயலகத்தில் வேலை கிடைத்து டவுனில் அறை எடுத்தபோது, முதல் நாளே வாசலில் வந்து நின்றாய். "வாடி டிகிரி. ஒன்னைய மெதுவா நடக்கச் சொல்லிருக்காங்கள்ல? எங்க கடையில வந்து நட."

"கடையா?"

"நடையை விக்கிற கடை. மலையில நடந்தா சம்பளம் தருவான். இங்க நடந்தா நாமதான் குடுக்கணும். நாட்டு நெலம அப்புடி."

கண்ணாடிகள் நிறைந்த அந்த மண்டபத்தில் என்னையே நான் பார்க்கக் கூசுவேன். நீ கூசவில்லை. டவுன் முதலாளிமாரின் மனைவிகள், வங்கியில் வேலை பார்க்கும் பெண்கள், எல்லோரையும் ஒரே குரலில் விரட்டினாய். மேடு கூட்டியதும் அவர்கள் கைப்பிடியைப் பிடித்துத் தொங்குவார்கள். நீ துடைக்கும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் போய் நிற்பாய்.

"கைய விடுங்க மிஸ். நீங்க புடிச்சுக்கிட்டு நடந்தா மெஷின்தான் எளைக்கும்."

ஒரு நாள் எனக்கு அதை விளக்கிக் காட்டினாய். கைப்பிடியில் பாரத்தைக் கொடுத்தால் உடம்பைக் கைதான் தூக்குகிறது, கால் சும்மா கீழே போய்வருகிறது, நெஞ்சுக்கு வேலையே இல்லை, ஆனால் திரையில் மட்டும் பெரிய மலை ஏறியதாகக் காட்டும் என்றாய். "பாத்தியா, ஏமாத்துறது எவ்வளவு லேசு" என்று சிரித்தாய். அந்தக் கைப்பிடியில் இரண்டு வெள்ளித் தகடுகள் பதித்திருக்கும். உள்ளங்கை அதில் பட்டால் திரையில் சின்ன இதயம் ஒன்று மின்னி, துடிப்பின் எண் வரும். கையை எடுத்தால் எண் போய் வெறும் கோடுகள் நிற்கும். நான் பிடித்தால் எண் ஒரு ஒழுங்கில் ஏறும். நீ பிடித்தால் குதிக்கும். மேலே போகும், சட்டென்று விழும், நடுவில் ஒன்றுமே இருக்காது, மறுபடி எங்கிருந்தோ வரும். "பாரு, என்னோடது டிஸ்கோ போடுது" என்றாய். நான் சிரிக்கவில்லை. நீயும் கையை எடுத்துவிட்டாய்.

லுணுகலைப் பேச்சு வந்த பிறகு, மத்தியானத்தில் ஆள் இல்லாத நேரம் நீ அந்த ஜன்னலோர மெஷினில் ஏறிப் பழகியிருக்கிறாய். அப்போது எனக்கு அது தெரியாது. கைப்பிடியின் கறுப்பு ரப்பரில் பிறை பிறையாக நகத் தடங்கள் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். வேறு யாரோ என்று நினைத்தேன்.

டெஸ்ட் என்ற சொல்லுக்கு நம் லயத்தில் ஒரே அர்த்தம்தான். பாஸ் ஆக வேண்டும். அது நோயைக் கண்டுபிடிக்க வைக்கும் டெஸ்ட், அதில் உள்ளதை உள்ளபடி காட்டுவதுதான் நமக்கு நல்லது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஓ.எல். பரீட்சை எழுதப் போகும் பிள்ளையை அனுப்புவதுபோல உன்னை அனுப்பினார்கள். உன் அம்மா மாரியம்மனுக்குக் கற்பூரம் கொளுத்தி, நெற்றி நிறைய திருநீறு பூசிவிட்டாள். நீ எல்லோர் காலிலும் விழுந்தாய். சாயந்தரம் நீ பஸ்ஸில் இருந்து இறங்கியதுமே கையை உயர்த்திக் காட்டினாய். மேல் லயத்துக்காரர்கள் கீழ் லயத்துக்குக் கத்தினார்கள்: "பாஸாம்! புள்ள பாஸாம்!" உன் வீட்டில் கேசரி கிண்டினார்கள். நானும் சாப்பிட்டேன்.

மறுநாள் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் வாளியை வைத்துவிட்டுச் சொன்னாய். அந்த அறையில் மிஸ்ஸி கையை விடச் சொன்னாராம், நீயும் விட்டாயாம். அவர் திரையைப் பார்க்கத் திரும்பும்போதெல்லாம் விரல் நுனியை வைத்து, பிறகு உள்ளங்கையை வைத்து, பாரத்தையெல்லாம் கையில் கொடுத்து நடந்தாயாம். "நாந்தான் ஊருக்கே கைய விடுங்கன்னு சொல்றவ. எப்புடிப் புடிச்சா தெரியாதுன்னு என்னைய விட யாருக்குடி தெரியும்?"

எனக்குத் தண்ணீர் சத்தம் கேட்காமல் போனது. திரும்பப் போய் உண்மையைச் சொல் என்றேன்.

"ஃபெயிலாகுறதுக்கா போகச் சொல்ற?"

"அது பரீட்சை இல்லடி."

"ஒனக்கு ஃபெயில்னா என்னான்னு தெரியாது. ஒண்ணாங் கிளாஸ்ல இருந்து பாஸாகி பாஸாகி ஒனக்கு அலுத்துப்போச்சு. நான் பொறந்ததுல இருந்து ஒண்ணே ஒண்ணு பாஸாகிருக்கேன். அதையும் புடுங்காத."

நான் உன் அம்மாவிடம் போனேன். பேசப் பயந்து பயந்து பேசினேன். "அத்தை, அவ கம்பியப் புடிச்சுக்கிட்டு நடந்திருக்கா. அதனாலதான் ஒண்ணும் இல்லைன்னு வந்திருக்கு." கொழுந்துக் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"கம்பியப் புடிக்காம எப்புடிம்மா நடக்கிறது? விழுந்துற மாட்டாளா? பாஸான புள்ளைய ஏன் பயமுறுத்துற?"

மலைச்சரிவில் தேயிலைத் தூரைப் பிடித்து ஏறி இறங்கியவள் அவள். பிடிப்பதில் என்ன பிழை என்று அவளுக்கு எப்படி விளங்கும்? வாசலில் நின்ற நீ என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். கல்யாணத்துக்கு வந்தேன். உன் கையில் மருதாணி. அதையும் மீறி அந்த ரப்பர் வாசம் அடித்தது.

லுணுகலையிலிருந்து நீ போனில் பேசும்போது நடுநடுவில் மூச்சு விட்டாய். "மேடுடி இங்க, எல்லாம் மேடு" என்றாய். வயிற்றில் பிள்ளை என்றாய். இரண்டு தலையணை வைத்தால்தான் படுக்க முடிகிறது என்றாய். கிளினிக்கில் டெஸ்ட்டைப் பற்றிச் சொல்லு என்று நான் ஒவ்வொரு முறையும் சொன்னேன். "அடுத்த தடவ" என்றாய். ஆறாம் மாதத்தில் நெஞ்சில் தண்ணீர் கோர்த்துக்கொண்டது என்றார்கள். டெஸ்ட்டில் ஒன்றும் இல்லை என்றுதானே எழுதியிருந்தது என்று உன் மாப்பிள்ளை எல்லோரிடமும் கேட்டுக்கொண்டே இருந்தார். அவரைப் பார்த்தாலும் பாவமாக இருந்தது. உன் கையைத் தொட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு குளிரை நான் அதற்கு முன் தொட்டதில்லை.

இதெல்லாம் தெரிந்த ஒருத்தி, படித்தவள், போன கிழமை என்ன செய்தேன் தெரியுமா? பழகப் போனேன்.

நான் அதை அந்தப் பெயரால் சொல்லிக்கொள்ளவில்லை. சும்மா நடந்து பார்க்கலாம், உடம்புக்கு நல்லது என்றுதான் சொல்லிக்கொண்டேன். ஆனால் மாடிப்படி ஏறும்போதே என் விரல்கள் மடங்கியிருந்தன. என் கதவும் இறுகிக்கொண்டு வருகிறது என்பது எனக்குத் தெரியும். செயலகத்தின் படிகளில் நான் ஃபைல் படிப்பதுபோல நின்று நின்றுதான் ஏறுகிறேன். என்றாலும் பூனாகலைக்காரர் அந்த பஸ் நிலையத்தில், "நீங்க பேசவே மாட்டீங்களா?" என்று கேட்டுச் சிரித்த சிரிப்பு மனதில் இருந்தது. ஒரே ஒரு தடவை பாஸ் ஆகிவிட்டால் போதும், பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நீயும் இப்படித்தான் நினைத்திருப்பாய்.

பின்னேரம். வெளியே பனிமூட்டம் இறங்கி, எதிர்க் கடைகளின் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. ஆட்கள் குறைவு. உன் இடத்தில் புதிதாக ஓர் அக்கா இருந்தார். ஜன்னலோர மெஷினுக்குப் போனதும், "அது வேணாம் மிஸ், மத்தது எல்லாம் சும்மாதானே இருக்கு" என்றார்.

"வேலை செய்யலையா?"

"வேலை செய்யுது. ஆனா ஒருத்தரும் ஏறுறதில்ல. கைப்பிடி எந்த நேரமும் சூடா இருக்காம். மோட்டர் கோளாறா இருக்கும்னு முதலாளி சொல்றாரு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மோட்டர் காலுக்குக் கீழதானே இருக்கு?"

நான் அதிலேயே ஏறினேன். ஏன் என்று இப்போது கேட்டாலும் எனக்குத் தெரியாது.

ரப்பரை மாற்றியிருந்தார்கள். புது ரப்பர், பளபளப்பாக இருந்தது. தொட்டேன். சூடு. இரும்பு வெயிலில் கிடந்தால் வரும் சூடு இல்லை அது. ஒருவர் பிடித்துக்கொண்டிருந்து, இப்போதுதான் எனக்காகக் கையை எடுத்தாற்போன்ற சூடு. பஸ்ஸில் ஒருவர் எழுந்த இருக்கையில் உட்கார்ந்தால் ஒரு கூச்சம் வருமே, அப்படிக் கூசியது.

கைகளை விட்டுவிட்டு மெதுவாக நடந்தேன். பட்டை ஓடும் சத்தமும் என் காலடிச் சத்தமும். கொஞ்ச நேரத்தில் மேடு கூட்டினேன். மூச்சு வாங்கத் தொடங்கியது. இன்னும் கூட்டினேன். நெஞ்சுக்குள் ஏதோ அடைப்பதுபோல இருந்ததும் என் கைகள் தாமாகவே கீழே போய்ப் பிடித்துக்கொண்டன.

என் விரல்கள் பள்ளங்களில் இறங்கின.

குனிந்து பார்த்தேன். அந்தப் புது ரப்பரின் அடிப்பக்கத்தில், மேலே இருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், பிறை பிறையாக நகத் தடங்கள். என் நான்கு விரல்களும் அளவெடுத்ததுபோல அவற்றில் உட்கார்ந்திருந்தன. யார் பிடித்தாலும் நகம் படும் இடம்தானே அது? அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் ஒருவரும் ஏறுவதில்லை என்று அந்த அக்கா சொன்னார்.

பிடித்ததும் லேசாகிவிட்டது. நீ சொன்னது சரி, அது எவ்வளவு லேசு! பாரம் கைக்குப் போனது. மூச்சு இறங்கியது. கால் சும்மா போய்வந்தது. திரையில் மலை உயர்ந்துகொண்டே போனது. இதைவிட இன்னும் மேடாக்கினாலும் என்னால் முடியும் என்று தோன்றியது. எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. யாரோ பின்னால் நின்று என் இரண்டு முழங்கையையும் தாங்கிப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதுபோல இருந்தது.

பிறகு எண்ணைப் பார்த்தேன். சின்ன இதயம் மின்னியது. எண் மேலே போனது, சட்டென்று விழுந்தது, நடுவில் ஒன்றும் இல்லை, மறுபடி எங்கிருந்தோ வந்தது. என் துடிப்பு அப்படிக் குதிக்காது. எனக்கு அது தெரியும், உனக்கும் தெரியும்.

கைகளை எடுத்தேன்.

எண் போகவில்லை. கோடுகள் வரவில்லை. என் கைகள் இரண்டும் காற்றில் இருந்தன, கால்கள் நடந்துகொண்டிருந்தன. திரையில் அந்த இதயம் குதித்துக் குதித்து அடித்தது. ஜன்னல் கண்ணாடியில் பனிமூட்டத்துக்கு மேல் என் உருவம் மட்டும்தான் தெரிந்தது. ஆனால் பட்டையில் என் அடிகளுக்கு நடுவே இன்னோர் அடி விழுந்தது. லேசான அடி. பாரத்தைக் கீழே விடாமல், கையில் தொங்கிக்கொண்டு நடப்பவளின் அடி.

நான் கத்தவில்லை. உன்னைக் கூப்பிடவும் இல்லை. அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நடந்தேன். அது மெல்ல மெல்ல இறங்கியது. குதிப்பு நின்றது. இடைவெளி நீண்டது. அடுத்த துடிப்பு வரும் வரும் என்று நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். பிறகு எண் இல்லை. நான் இன்னும் நடந்துகொண்டிருந்தேன்.

சிவப்புப் பொத்தானை அந்த அக்காதான் வந்து அமுக்கினார். "அது சில நேரம் அப்புடித்தான் காட்டும் மிஸ். ஆள் இல்லாமலே காட்டும்" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார். இறங்கும்போது கைப்பிடியில் கை வைத்துத்தான் இறங்கினேன். அது குளிர்ந்திருந்தது.

அதற்கு இரண்டு நாள் கழித்துப் பரிசோதனை. அந்த அறையிலும் நீ இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு போனேன். உண்மையைச் சொன்னால், நீ இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வயர்களை ஒட்டினார்கள். சிங்கள மிஸ்ஸி உடைந்த தமிழில், "நங்கி... தங்கச்சி, கம்பி பிடிக்க வேணாம்" என்றார். முதலில் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். வெறும் இரும்பு. யாரும் பிடித்திராத, துடைத்து வைத்த, குளிர்ந்த இரும்பு. நீ அங்கே இல்லை. நடப்பதும் நிற்பதும் என் பாடு என்று விட்டுவிட்டாய்.

மேடு கூடியது. மிஸ்ஸி திரையைப் பார்க்கத் திரும்பினார். நீ சொன்ன அந்த நேரம் அதுதான். என் விரல் நுனியும் கம்பியும் அவ்வளவு கிட்ட இருந்தன. பூனாகலைக்காரரின் சிரிப்பு வந்தது. அம்மா அன்று காலை கொளுத்திய கற்பூரம் வந்தது. மேல் லயத்திலிருந்து கீழ் லயத்துக்குப் போகப்போகும் சத்தமும் வந்தது. என் கைகளை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். அப்படியே நடந்தேன். நெஞ்சு அடைத்தது. இன்னும் கொஞ்சம் நடந்தேன்.

"முடியல மிஸ்ஸி" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னேன். என் குரல் அந்த அறையில் எனக்கே புதிதாக இருந்தது.

கதவு நன்றாக இறுகியிருக்கிறதாம். கண்டி ஆஸ்பத்திரிக்கு எழுதித் தந்திருக்கிறார்கள். ஒரு குழாய் வழியாகப் பலூனைக் கொண்டுபோய் விரித்துவிடலாமாம், முடியாவிட்டால் நெஞ்சைத் திறக்க வேண்டுமாம். "இப்ப தெரிஞ்சது நல்லது. கல்யாணம், பிள்ளை, அதெல்லாம் இதுக்குப் பிறகு" என்றார் டாக்டர். பூனாகலைக்காரருக்கு நானே உள்ளதை எழுதி அனுப்பினேன். நான் அவருக்கு அனுப்பிய முதல் செய்தி அது. பார்த்துவிட்டார் என்று போன் காட்டுகிறது. பதில் இன்னும் வரவில்லை.

இன்று பஸ்ஸை விட்டு இறங்கி லயத்துக்கு ஏறும்போது, பாதி வழியில் முடியாமல் போனது. வழக்கமாக நான் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, யாரோடோ பேசுவதுபோல நிற்பேன். இன்று அதற்கும் மனம் வரவில்லை. ரோட்டோரத்துக் கல்லில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பனிமூட்டம் தேயிலைமேல் இறங்கிக்கொண்டிருந்தது. என் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது. அதன் பின்னால் இன்னொரு மூச்சும் கேட்டது. நான் இழுக்கும்போது அதுவும் இழுத்தது, நான் நிறுத்தினால் அது நிற்கவில்லை. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. திரும்பினேன்.

உன் அம்மா. கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு, வெறுங்கூடையோடு மலையிலிருந்து இறங்கி என் பின்னால் நின்றிருந்தாள்.

"என்னா இங்க ஒக்காந்துட்ட?"

"மூச்சு வாங்குது அத்தை."

அதை லயத்து ரோட்டில், வெளிச்சத்தில், இன்னொருவரிடம் நான் சொன்னது இதுதான் முதல் தடவை. அவள் என்னையே பார்த்தாள். டெஸ்ட்டுக்குப் போனது அவளுக்கும் தெரியும், லயம் முழுக்கத் தெரியும். பாஸா என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் அதைக் கேட்கவில்லை.

"கம்பியப் புடிச்சியா?" என்றாள்.

அவளுக்கு எப்போது விளங்கியதோ தெரியாது. உன்னைப் புதைத்த அன்றா, அதற்குப் பிறகு ஏதோ ஒரு நாள் தனியாகத் தேயிலைக்குள் நின்றபோதா? அந்த ஒரு கேள்வியை இவ்வளவு நாளும் அவள் யாரிடம் கேட்பது?

"இல்ல அத்தை. கைய விட்டுட்டேன். பாதியில நின்னுட்டேன்."

குனிந்து என் மடியிலிருந்த பையை எடுத்துத் தன் கூடைக்குள் போட்டுக்கொண்டாள். மேலே இருந்து யாரோ, "ஏன் அக்கா, புள்ளைக்கு என்னா?" என்று கத்தினார்கள். அத்தை அதைவிடச் சத்தமாகக் கத்தினாள்: "மூச்சு வாங்குதாம்! நாங்க மெதுவா வாறோம்!" மலை அதைத் திருப்பிச் சொன்னது.

நீ எனக்குத் தந்துவிட்டுப் போனது தைரியம் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் அது பயம்தான். அந்த எண் நின்ற இடத்தில் எனக்குள் புகுந்த பயம். கண்டிக்கும் அதை எடுத்துக்கொண்டுதான் போவேன். கைகளைக் கட்டிக்கொண்டு அந்த மேட்டில் என்னை நடக்கவைத்ததும், அங்கேயே நிறுத்தியதும் அதுதான். அது என்னை விட்டுப் போக வேண்டாம்.

அத்தை கொஞ்சம் ஏறிப் போய், திரும்பிப் பார்க்காமல் நின்றாள். நான் எழவில்லை. அவளும் அவசரப்படுத்தவில்லை. கூடையோடு அப்படியே நின்றாள். மூச்சு முழுதாக வந்த பிறகுதான் எழுந்தேன்.